வியர்வை டீஷர்ட்டுக்குத் தனி லிக்விட்: இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு

விளையாட்டு உடைகளுக்கென்றே விற்கிற லிக்விட் டிடர்ஜென்ட்டை நான் வாங்கத் தொடங்கி இரண்டு மழைக்காலம் ஓடிவிட்டது. சென்னையில் கடற்கரைப் பக்கம் காலை ஓட்டம் எனக்கு. மனைவிக்கு மாலையில் பாட்மின்டன். துவைக்கிற கூடையில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர்தான். பிராண்ட் பெயர் சொல்லவில்லை. மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்ததில் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இதை ஏன் வாங்க நேர்ந்தது என்பது ஓடுகிறவர்களுக்குச் சொல்லாமலே புரியும். டீஷர்ட் துவைத்துக் காய்ந்து மடித்து வைத்திருக்கும்போது ஒரு வாடையும் இருக்காது. போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடி உடம்பு சூடானால் போதும், அக்குளிலிருந்து போன வாரத்து நாற்றம் கிளம்பிவிடும். பருத்தி பனியனில் இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. பாலியெஸ்டர் தண்ணீரை உறிஞ்சாது, ஆனால் எண்ணெய்ப்பசையை இறுகப் பிடித்துக்கொள்ளும். தோலில் சுரக்கும் எண்ணெய் இழையில் படிந்துவிட்டால் சாதாரண அலசலுக்கு அசையாது. பாக்டீரியாவுக்கு அதுவே விருந்து. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சைக்கிள் பயிற்சி செய்த 26 பேரின் டீஷர்ட்டுகளை 28 மணி நேரம் வைத்திருந்து பரிசோதித்தார்கள். பருத்தியைவிட பாலியெஸ்டரில் நாற்றம் கூடுதல். மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா அதில்தான் செழித்திருந்தது. (இதற்கென்று சட்டைகளை முகர்ந்து மதிப்பெண் போடப் பயிற்சி பெற்ற ஆட்களும் இருந்தார்கள். என்ன வேலையோ!)

சரி, லிக்விட் வேலை செய்ததா? புது டீஷர்ட்டுகளில் நன்றாகவே செய்தது. முதல் துவையலிலிருந்தே இதில் போட்டவற்றில் இன்றுவரை அந்தப் பழைய நாற்றம் இல்லை. ஏற்கெனவே ஊறிப்போயிருந்த மாரத்தான் டீஷர்ட்டுகளின் கதை வேறு. மெஷினில் அப்படியே போட்டபோது பாதி கூடப் போகவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் லிக்விடைக் கலந்து அரை மணி நேரம் ஊறப்போட்டு, உள்பக்கத்தை வெளியே திருப்பித் துவைத்த பிறகுதான் பலன் தெரிந்தது. இதில் இருக்கும் என்சைம்கள் கொழுப்பையும் புரதத்தையும் உடைக்க நேரம் வேண்டும். பதினைந்து நிமிஷ குயிக் வாஷில் போட்டுவிட்டு லிக்விடைத் திட்டிப் பயனில்லை.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். எங்கள் அடுக்ககத்தில் போர் தண்ணீர், நல்ல உப்பு. மெட்ரோ தண்ணீர் லாரி வரும் நாட்களில் அதே அளவு லிக்விட் தெளிவாக நுரைக்கிறது, துணியும் மெத்தென்று வருகிறது. போர் தண்ணீரில் கொஞ்சம் கூட்டித்தான் ஊற்ற வேண்டியிருக்கிறது. அதற்காக மூடி மூடியாகக் கவிழ்த்தாலும் வம்பு. அலசலில் போகாத டிடர்ஜென்ட் துணியிலேயே தங்கி, அடுத்த அழுக்கையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இந்த பாட்டிலில் பலமான வாசனை கிடையாது. அம்மாவுக்கு இதில்தான் மனக்குறை. "இவ்வளவு காசு கொடுத்து வாங்கியிருக்க, ஒரு வாசனையும் வரலையேடா" என்று கடைசி அலசலில் கண்டிஷனர் ஊற்றப் போவார். விளையாட்டுத் துணிக்கு மட்டும் வேண்டாம் என்று தடுத்துவிடுவோம். கண்டிஷனர் இழைமேல் ஒரு மெழுகுப் படலம் மாதிரி படிந்து, வியர்வையை வெளியே இழுக்கும் குணத்தையே கெடுத்துவிடும்.

மழைக்காலத்தில் இந்த லிக்விடும் தோற்றுப்போகிறது. நவம்பரில் கொடியில் இரண்டு நாள் காயாமல் கிடக்கிற துணியில் வரும் முக்கல் வாடை வேறு சங்கதி, அது மொராக்செல்லா என்ற இன்னொரு பாக்டீரியாவின் கைங்கரியம். அதற்கு மின்விசிறியின் கீழ் காயப்போடுவதுதான் வழி. அப்புறம், நனைந்த டீஷர்ட்டை பையிலேயே சுருட்டி வைத்து மறுநாள் எடுக்கிற பழக்கம் இருந்தால் எந்த லிக்விடும் உதவாது. உடனே துவைக்க முடியாவிட்டாலும் குழாயடியில் ஒருமுறை அலசி உதறிப் போட்டுவிடலாம்.

டைட்ஸின் எலாஸ்டிக் தளராமல் இருக்கிறதே, அது லிக்விடின் பெருமை என்று சொல்ல எனக்குத் தயக்கம். நாங்கள் கொதிநீரும் குளோரின் பிளீச்சும் காட்டுவதில்லை, நிழலில்தான் உலர்த்துகிறோம். துணிக்கு நீட்சி தரும் எலாஸ்டேன் இழைக்குக் கொதிநீர், பிளீச், வெயில் எல்லாமே பகை.

விலை உறுத்துகிறது. சாதாரண லிக்விடைவிட இரண்டு மடங்குக்கு மேல். பாட்டிலின் பின்பக்கத்தில் என்சைம் என்று போட்டிருக்கும் சாதாரண லிக்விடிலும் ஊறப்போட்டுப் பார்த்தேன். முக்கால்வாசி பலன் கிடைத்தது. அதனால் வாரத்துக்கு இரண்டு நாள் ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு அதுவே போதும். தினமும் நனைய நனைய ஓடுகிறவர்கள் வாங்கலாம். நான் தொடர்ந்து வாங்குகிறேன், பெரும்பாலும் தள்ளுபடி வரும்போது. பட்டுத் துணியையும் கம்பளியையும் மட்டும் இதில் போட வேண்டாம், புரதத்தை உடைக்கும் என்சைம் அந்த இழைகளையும் அரிக்கும்.