பழைய அவுட்போர்டு மோட்டாரைப் பழம்பொருளாக்குவது எது: நூறாண்டுக் கணக்கா, போர்க்காலக் கோடா, பொறியமைப்பா?

அவுட்போர்டு எனப்படும், படகின் பின்பலகையில் மாட்டிக் கழற்றக்கூடிய பெட்ரோல் மோட்டார்களில் சிலவற்றைப் பற்றி எவருக்கும் ஐயம் எழுவதில்லை. 1905இல் டெட்ராய்ட் ஆற்றில் கேமரூன் வாட்டர்மேன் ஓட்டிப் பார்த்ததன் வழியில் வந்த மோட்டார்களும், மில்வாக்கியில் ஓலே எவின்ரூட் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த 62 பவுண்டு எடையும் ஒன்றரைக் குதிரைத்திறனும் கொண்ட மோட்டாரும் எந்த அளவுகோலின்படியும் பழம்பொருள்களே. 1930களிலும் 1940களிலும் வந்த மோட்டார்களைத் தரம்பிரிக்கும்போதுதான் வழக்கிலுள்ள அளவுகோல்கள் ஒன்றுக்கொன்று முரண்படத் தொடங்குகின்றன.

முதலாவது நூறாண்டுக் கணக்கு. அமெரிக்கச் சுங்க விதிகள் நூறு ஆண்டுகளைக் கடந்த பொருளையே பழம்பொருளாகக் கொள்கின்றன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் பொதுவாக அதே எல்லையை வைத்திருக்கிறது. வாதத்துக்கு இடம் தராத தெளிவு இதன் பெரிய பலம். எவின்ரூட் அலுமினியத்தைக் கொண்டு எடையைக் குறைத்து உருவாக்கிய எல்டோ இரட்டைச் சிலிண்டர் மோட்டாரும், இண்டியானாவின் சவுத் பெண்ட் நகரில் ஜான்சன் சகோதரர்கள் செய்த 35 பவுண்டு எடையுள்ள லைட் ட்வினும் 1920களின் தொடக்கத்தில் பிறந்தவை ஆதலால், அவற்றின் முதல் ஆண்டுப் படைப்புகள் இந்த எல்லையைத் தாண்டிவிட்டன. ஆனால் 1928இல் வந்து அவுட்போர்டு என்றால் சிறு மோட்டார் என்ற எண்ணத்தையே மாற்றிய நான்கு சிலிண்டர் எல்டோ குவாட் 2028 வரை காத்திருக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தக் கருவியின் மொத்த வரலாறே ஏறத்தாழ 120 ஆண்டுகள்தான். அதில் நூறைக் கழித்தால் மிஞ்சுவது அதன் குழந்தைப் பருவம் மட்டுமே.

இதற்கு நேர் எதிரானது, அமெரிக்க மாநிலங்கள் பல பழைய கார்களுக்குச் சிறப்புப் பதிவெண் வழங்கப் பயன்படுத்தும் 25 ஆண்டுக் கணக்கு. இதைப் படகு மோட்டாருக்குப் பொருத்தினால், மின்னணுக் கட்டுப்பாட்டில் எரிபொருளை நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் 1990களின் இறுதிக்கால எவின்ரூட் ஃபிக்ட் மோட்டார்கூடப் பழம்பொருளாகிவிடும். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது அளவுகோல் இரண்டாம் உலகப் போரைக் கோடாக வைக்கிறது. அமெரிக்காவில் பழம்படகு ஆர்வலர்களின் சங்கம் 1918 வரையிலான படகுகளை வரலாற்றுப் படகுகள் என்றும், 1919 முதல் 1942 வரையிலானவற்றைப் பழம்படகுகள் என்றும், அதற்கு அடுத்து வந்த சில பத்தாண்டுகளின் படகுகளைக் கிளாசிக் என்றும் பிரித்திருக்கிறது. தொழிற்சாலைகள் ராணுவத் தேவைக்குத் திரும்பியதால் பொதுமக்களுக்கான உற்பத்தி நின்றுபோன காலம் அது என்பதால், இந்தக் கோட்டுக்கு உண்மையான காரணம் இருக்கிறது. ஆயினும் படகுக்குப் பொருந்துவது மோட்டாருக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. எவின்ரூட் செஃபிர் என்ற 5.4 குதிரைத்திறன் மோட்டார் 1940இல் அறிமுகமாகி, போருக்குப் பிறகும் 1949 வரை விற்பனையில் இருந்தது. சின்னஞ்சிறு நான்கு சிலிண்டர்களும் தலைமேல் டேங்கும் கொண்ட ஒரே இயந்திரத்தை, 1941இல் செய்தது பழம்பொருள், 1947இல் செய்தது அன்று என்று பிரிப்பது கருவியை விட்டுவிட்டு நாட்காட்டியை மதிப்பதாகும்.

ஆகவே நான்காவதான பொறியமைப்பு அளவுகோலையே நான் சார்ந்திருக்கிறேன். பழைய மோட்டார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கியர் மாற்றும் வசதி கிடையாது. ஃப்ளைவீல் என்ற கனமான சுழல்சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்து, அல்லது அதன் மேல் துருத்தியிருக்கும் கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றி, இயந்திரம் உயிர்பெற்ற அந்தக் கணமே ப்ரொப்பெல்லரும் சுழன்று படகு பாயும். எனவே படகின் முகத்தைத் திறந்த நீரை நோக்கித் திருப்பி வைத்த பிறகே கயிற்றில் கைவைக்க வேண்டும். கரையணையும்போது எந்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்தினால் மிச்ச வேகம் படித்துறையில் சேர்க்கும் என்பதைக் கணிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 1949இல் ஜான்சன் நிறுவனம் 10 குதிரைத்திறன் கொண்ட கியூடி மோட்டாரில் முன்னோக்கு, நியூட்ரல், ரிவர்ஸ் என்ற கியர் அமைப்பையும், படகின் தரையில் வைக்கும் தனி டேங்கையும் சேர்த்துத் தந்தபோது படகோட்டியின் கை செய்யும் வேலையே மாறிவிட்டது. என் பார்வையில் உண்மையான கோடு அங்கேதான் விழுகிறது.

இந்த அளவுகோலிலும் குறை உண்டு. 1950களின் 3 குதிரைத்திறன் ஜான்சன், எவின்ரூட் மோட்டார்களுக்கும் கியர் இல்லை; டேங்கும் உடலோடு சேர்ந்ததே. இன்னும் கடினமான சோதனை இங்கிலாந்தின் பிரிட்டிஷ் சீகல். 1930களின் தொடக்கத்தில் பிறந்த அந்த மோட்டார், திறந்த ஃப்ளைவீல், சுற்றி இழுக்கும் கயிறு, நீண்ட காலம் பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் எண்ணெய் கலந்த பெட்ரோல் என அடிப்படைத் தோற்றத்தில் அதிகம் மாறாமல் 1990கள் வரை நீடித்தது. 1975ஆம் ஆண்டின் சீகலை அறியாதவர் எவரும் அதைப் போருக்கு முந்தியது என்றே நினைப்பார்.

இங்கே பொறியமைப்போடு இன்னொரு நிபந்தனையைச் சேர்க்கிறேன்: அந்தப் பொறியமைப்பே பொது வழக்கமாக இருந்த காலத்தில் மோட்டார் செய்யப்பட்டிருக்க வேண்டும். 1947இன் செஃபிர் அவ்வாறு செய்யப்பட்டது. அதை வாங்கியவருக்குக் கியருள்ள மோட்டார் எளிதில் கிடைக்கும் நிலை அன்று இல்லை. 1975இன் சீகலை வாங்கியவரோ, மலிவையும் எளிமையையும் உப்புநீரைத் தாங்கும் உறுதியையும் விரும்பி, புதியவற்றை ஒதுக்கிவிட்டு அதைத் தேர்ந்தார். அது மதிக்கத்தக்க பழைய மோட்டார், ஆனால் பழம்பொருள் அன்று.

இந்த வேறுபாட்டைக் காண மோட்டாரில் பொறித்த வரிசை எண்ணைப் படிப்பதைவிட நல்ல வழி வேறில்லை; சீகலின் எண்ணைக் கொண்டு அது செய்யப்பட்ட காலத்தைக் கணித்துவிடலாம். பழைய மோட்டாரைப் புதுப்பிக்கும் ஆர்வத்தில் எண் பொறித்த தகட்டைக் கழற்றி எறிவதும், எழுத்துகள் மறையும்வரை தேய்த்து மெருகேற்றுவதும் எனக்கு உண்மையாகவே வேதனை தருகின்றன. மங்கிய சாயத்தை எப்போது வேண்டுமானாலும் மீண்டும் பூசலாம். தகடு போன மோட்டாரின் ஆண்டை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.