வளர்ந்துகொண்டே போன கட்டைக்கால்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு வாசலில் இப்போது படுத்திருக்கும் நாயை, பெம்புரோக் வெல்ஷ் கோர்கி என்று நம்பி 140,000 ரூபாவுக்கு வாங்கினேன். எலிசபெத் மகாராணி வளர்த்த கட்டைக்கால் நாய்தான் வேண்டும் என்று மகளுக்கு ஒரே பிடிவாதம். இணைய விளம்பரம் ஒன்றில் விற்பவர் ஒருவர் அகப்பட்டார். பாதிப் பணத்தை வங்கியில் போட்டேன்; மீதியைக் குட்டியைக் கொண்டுவந்த வான் சாரதியிடம் கொடுத்தேன். தாய் நாயைக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. அந்தப் பிழை என்னுடையது.

குட்டியின் காதுகள் தொங்கியிருந்தன. கேட்டேன். "கோர்கிக்குக் காது பிறகுதான் நிமிரும், அண்ணா" என்றார். அது உண்மைதான். அவருடைய பொய்கள் பலவற்றிலும் இப்படிப் பாதி உண்மை இருந்தது. கால் குட்டையாகத்தானே இருந்தது என்பீர்கள். ஐந்து வாரத்தில் எந்தக் குட்டிக்குத்தான் கால் நீளம்?

மூன்றாம் நாள் வயிற்றோட்டம். மிருக வைத்தியர் குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். பிறகு தடுப்பூசி அட்டையைப் பார்த்தார். பத்து வாரம், இரண்டு ஊசி என்று அட்டை சொன்னது. எட்டு வாரத்தில் 28 பால் பற்களும் முளைத்திருக்க வேண்டுமாம். இதற்குப் பாதிகூட இல்லை, வயது ஐந்து வாரம்தான் இருக்கும் என்றார். முதல் ஊசியே ஆறு முதல் எட்டு வாரத்துக்குள்தான் போடுவார்கள். நல்ல காலம், குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நோய் இல்லை, வெறும் வயிற்றுப் பூச்சித் தொல்லை.

கோர்கி தோள்வரை 10 முதல் 12 அங்குல உயரத்தோடு நின்றுவிடும். வேல்ஸில் மாடுகளின் குதிகாலைக் கடித்து ஓட்டிய நாய் அது. மாடு உதைத்தால் உதை தலைக்கு மேலால் போகும். எங்களுடையது ஏழாம் மாதத்தில் 17 அங்குலம். காது இன்னும் நிமிரவில்லை. கோட்டைப் பக்கம் புள்ளிமானைக் கண்டால் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

"கால் குட்டை, நடக்கவிடத் தேவையில்லை" என்றும் விற்றவர் சொல்லியிருந்தார். இது முழுப் பொய். கோர்கி மாடு மேய்த்த இனம். தினமும் ஓட வேண்டும், இல்லாவிட்டால் கொழுக்கும். நீண்ட முதுகில் எடை ஏறினால் முள்ளந்தண்டு வட்டு பிதுங்கும் அபாயம் உண்டு. கட்டிலிலிருந்து குதிக்க விடவும் கூடாது. இரண்டு அடுக்கு மயிர் வீடெல்லாம் உதிரும். வெக்கைக்காக மொட்டையடித்தால் தோல்தான் வெயிலில் வேகும். வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்த ஊரில் அதை எப்படி வைத்திருப்பேன் என்று நான் ஒரு நிமிடமாவது யோசித்திருக்க வேண்டும்.

வாங்குவதென்றால் தாயை நேரில் பாருங்கள், தாய், தகப்பன் நாய்களின் கெனல் கிளப் இனப்பதிவைக் கேளுங்கள், பணம் கைமாறும் முன்பே மிருக வைத்தியரிடம் பல்லைக் காட்டுங்கள்.

விற்றவரின் தொலைபேசி இலக்கம் இப்போது வேலை செய்வதில்லை. போன வாரம் அதே படத்தோடு வேறு பெயரில் விளம்பரம் வந்திருக்கிறது. விலை 160,000 ரூபா.