மரவேலி: பல மழைக்காலங்களுக்குப் பிறகு எது நிற்கிறது, எது போகிறது

மரவேலி போட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது எந்தப் பலகை, என்ன பெயிண்ட் என்றுதான். போட்டுப் பல மழைக்காலம் பார்த்துவிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், பலகைக்காக அவ்வளவு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பலகை கெட்டால் நாலு திருகாணியைக் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். கம்பம் கெட்டால் அந்த இடத்தில் வேலியே போச்சு.

கம்பம் உளுத்துப்போவது பெரும்பாலும் தரைமட்டத்தை ஒட்டிய ஒரு சாண் அளவுக்குள்தான். மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழத்தில் காற்று குறைவு, மேலே ஈரம் தங்காது. இரண்டும் கூடுவது அங்கேதான். மழை ஓய்ந்ததும் கையில் ஸ்குரூடிரைவரோடு வேலியை ஒரு சுற்று வருவேன். கம்பத்தடி மண்ணைக் கொஞ்சம் விலக்கிவிட்டு முனையால் குத்தினால் தெரிந்துவிடும். நல்ல மரம் டக்கென்று தடுக்கும். கெட்ட மரத்தில் முனை சத்தமில்லாமல் இறங்கும். வெளியே எடுத்தால் ஈரத்தூள் அப்பிக்கொண்டு வரும். என் வேலியில் அப்படி இறங்கியவை எல்லாமே வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளிர்நிற மரம், அதிகமாக இருந்த கம்பங்கள். வைரம் பாய்ந்த நடுமரத்தில் அறுத்தவை இன்னும் அசையவில்லை. கரையான் ஏறினாலும் இந்தச் சுற்றிலேயே மண்கோடு கண்ணில் பட்டுவிடும்.

கான்கிரீட்டா, ஜல்லியா? என்னிடம் இரண்டும் இருக்கிறது. பின்பக்கம் இளகின மண் என்பதால் அங்கே கான்கிரீட். மற்ற பக்கங்களில் குழியில் ஜல்லி கொட்டி, கடப்பாரையால் இடித்து இறுக்கியதோடு சரி. நேராக நிற்பதில் இரண்டுக்கும் இதுவரை வித்தியாசம் இல்லை. ஆனால் மரம் காய்ந்து சுருங்கும்போது கான்கிரீட்டுக்கும் கம்பத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விழுகிறது, மழைநீர் நேராக அதில்தான் இறங்குகிறது. கான்கிரீட் போட்டே ஆகவேண்டும் என்றால் அதன் மேல்பக்கம் தரையைவிடச் சற்று உயர்ந்து, வெளிப்புறம் சரிவாக இருக்கட்டும். கம்பத்தின் அடிமுனை ஜல்லிமேல் உட்காரட்டும், நீர் வடிய வழி வேண்டும். நாளைக்கு ஒரு கம்பத்தை மாற்ற வேண்டி வந்தால் கான்கிரீட் கட்டியைப் பெயர்த்தெடுக்கும் பாடு இருக்கிறதே! மண் கெட்டியாக இருந்தால் என் ஓட்டு ஜல்லிக்குத்தான்.

கம்பத்தின் மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகவேண்டும். மேலே 4 அடி தெரிய வேண்டுமானால் 6 அடிக் கம்பம். கம்பத்துக்குக் கம்பம் 8 அடி வரை விடலாம் என்பார்கள். 6 அடியில் நிறுத்திக்கொண்டதால் என் குறுக்குச் சட்டங்கள் இன்னும் தொய்யவில்லை.

பெயிண்ட் எனக்குப் பிடிக்கவில்லை. உரிய ஆரம்பித்தால் இடுக்கில் புகுந்த ஈரம் வெளியே வராது. மறுபடி அடிக்குமுன் சுரண்டியாக வேண்டும். எண்ணெய்ப் பூச்சு மங்கத்தான் செய்யும், ஆனால் துடைத்துவிட்டு மேலேயே பூசிக்கொள்ளலாம். ஒன்றுமே பூசாவிட்டால் வெயிலில் மரம் சாம்பல் நிறத்துக்குப் போகும். அது வெறும் நிறமாற்றம்தான், உளுப்பு இல்லை. பூச்சைவிட முக்கியம், பலகையின் அடிமுனை தரையில் படாமல் 2 அங்குலமாவது தூக்கி அடிப்பது. அறுத்த முனைதான் தண்ணீரை அதிகம் உறிஞ்சும். கம்பத்தின் தலையையும் சரிவாகச் சீவிவிடுங்கள். ஆணி, திருகாணி எல்லாம் துத்தநாகம் பூசியதாக இருக்கட்டும். சாதா இரும்பு சில மரங்களில் கறுப்பாக வழிந்து பலகையையே அசிங்கமாக்கிவிடும்.

கதவுதான் வேலியிலேயே அதிகம் வேலை வாங்கும் இடம். சாய்வுச் சட்டம் கீல் பக்கத்தின் கீழ்மூலையிலிருந்து தாழ்ப்பாள் பக்கத்தின் மேல்மூலைக்குப் போகவேண்டும். அப்போதுதான் கதவின் பாரம் அந்தச் சட்டம் வழியாகக் கீழ்க்கீலில் இறங்கும். சட்டத்துக்குப் பதில் முறுக்குக் கம்பி கட்டுவதானால் திசை நேர்மாறு, கீல் பக்க மேல்மூலையிலிருந்து கீழே இழுக்கவேண்டும். கீல் மாட்டும் கம்பத்தை மட்டும் மற்றவற்றைவிடத் தடிமனாக எடுத்து, இன்னும் ஓர் அடி ஆழமாக நட்டுவிடுங்கள்.