பொருளியல் பட்டம்: பெரிய எம்.பி.ஏ.க்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

எம்.பி.ஏ.க்குப் பேர்போன ஹார்வர்ட், இன்சியாட் போன்ற வணிகப் பள்ளிகள் இன்ன பாடத்தில்தான் பட்டம் வேண்டும் என்று கேட்பதில்லை. ஆனாலும் கொழும்புப் பல்கலைக்கழகத்திலோ, லண்டன் பல்கலைக்கழக வெளிவாரிப் பட்டமாகவோ பொருளியல் படித்தவருக்கு ஒரு பலம் உண்டு. நுண்பாகப் பொருளியல், புள்ளிவிபரவியல், கணிதம் மூன்றிலும் நல்ல புள்ளி இருந்தால், இவர் இலக்கங்களுக்குப் பயப்படமாட்டார் என்று விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்குப் புரியும். எம்.பி.ஏ.யில் விலை, போட்டி பற்றிய முதல் தவணைப் பாடங்களும் பழகிய தெருவாக இருக்கும்.

காலை வாருவது கணக்கீடு. புறக்கோட்டைப் புடவைக்கடை ஒன்று 8 இலட்சம் ரூபாய் காசு கொடுத்துச் சரக்கு வாங்கி, 10 இலட்சத்துக்கு மூன்று மாதக் கடனில் விற்கிறது என்று வையுங்கள். இலாப நட்டக் கணக்கில் 2 இலட்சம் இலாபம். கையிருப்பிலோ 8 இலட்சம் குறைவு. பின்னால் வரும் காசு இன்று எவ்வளவு பெறும் என்று கணிக்கும் தேறிய இன்றைய பெறுமதிச் சூத்திரம் பொருளியல்காரருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அதில் போடவேண்டியது அந்த 2 இலட்சம் அல்ல, இன்று போகும் 8, மூன்று மாதத்தில் வரும் 10 என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவில் கணக்கீடு எடுத்தவர்கள் தப்பித்துவிடுவார்கள். கலைப்பிரிவு, கணிதப் பிரிவிலிருந்து வந்தவர்கள் பட்டத்துக்குள்ளேயே ஒரு கணக்கீட்டுப் பாடத்தைத் தெரிவுசெய்வது நல்லது. முடியாவிட்டால் ஏ.ஏ.டி. என்ற கணக்கீட்டுத் தொழில்சார் பரீட்சையின் முதற்படியாவது படியுங்கள்.

எம்.பி.ஏ. அனுமதிக்கு எழுதும் ஜிமாட் பரீட்சை இன்னொரு விதம். இப்போது மூன்று பகுதி, ஒவ்வொன்றும் 45 நிமிடம். மொத்தப் புள்ளி 205 முதல் 805 வரை. கணிதப் பகுதியில் 21 கேள்வி, கல்குலேட்டர் இல்லை. ஒன்றுக்கு இரண்டு நிமிடம் சொச்சம்தான். நுண்கணிதம் அங்கே வருவதே இல்லை. விகிதம், சதவீதம், எண்களின் இயல்பு என்று சாதாரண தரக் கணிதத்தை வேகமாகச் செய்யவேண்டும். மொழிப் பகுதியில் பொருளியல் அறிவே பொறியாகும். "விலை ஏறியது, விற்ற எண்ணிக்கை குறையவில்லை" என்று பந்தி சொன்னால், வருமானம் கூடியது என்பது உறுதி. பொருளியல்காரர் கை "கேள்வி (டிமாண்ட்) நெகிழ்ச்சியற்றது", அதாவது விலை ஏறினாலும் மக்கள் வாங்குவது அவ்வளவாகக் குறையாது, என்ற விடைக்கே போகும். மக்களின் வருமானம் உயர்ந்ததாலும் விற்பனை குறையாமல் இருந்திருக்கலாம். ஆகவே அது பிழை.

பட்டம் கொஞ்சமும் தராதது வேலை அனுபவம். வங்கியில் அறிக்கை தயாரித்தது மட்டும் போதாது. ஆட்களை நடத்தி ஒரு வேலையை முடித்த அனுபவம் விண்ணப்பக் கட்டுரையில் தெரியவேண்டும். அதற்கு நாலைந்து வருடம் எடுக்கும். ஜிமாட் புள்ளியும் 5 ஆண்டு செல்லும் என்பதால், கணக்கு கையில் சூடாக இருக்கும் இறுதியாண்டிலேயே பரீட்சையை எழுதுங்கள். வேலைக்குச் சேர்ந்து நான்காம் வருடம் விண்ணப்பிக்கும்போதும் அந்தப் புள்ளி செல்லுபடியாகும்.