நெஞ்சு "பொருக்குதிலையே": 90 ரூபா பாரதியார் கவிதைகள் வாங்கின கதை

போன மாசம் பழைய புக் கடை வரிசையில சும்மா நடந்துட்டு இருந்தேன், ஒரு கடையில மட்டும் புது புக்கு கட்டுக்கட்டா அடுக்கி வச்சிருந்தாங்க, அட்டையில முண்டாசும் மீசையுமா அதே மனுஷன். 150ன்னு அச்சடிச்ச விலைய அடிச்சுட்டு பேனாவால 90ன்னு எழுதியிருந்துச்சு. "எண்பதுக்கு குடுங்கண்ணே"ன்னு கேட்டேன், "பாரதியாருக்குப் போய் பேரம் பேசுறீங்களே சார்"ன்னு ஒரே வரியில வாயை அடைச்சுட்டாரு. சரின்னு வாங்கிட்டு வந்துட்டேன். பதிப்பகம் பேரு சொல்லப் போறதில்ல, ஏன்னா இதே மாதிரி புக்கு போடுறவங்க ஒரு டஜன் பேராவது இருப்பாங்க, அட்டைய மாத்திட்டா எது எவருதுன்னு கண்டுபிடிக்க முடியாது.

முதல்ல பொருளைப் பத்தி சொல்லிடுறேன். தாள் பழுப்பு, அதுவும் இந்தப் பக்கம் படிச்சா அந்தப் பக்கத்து எழுத்து நிழலாத் தெரியுது. நூல் தையல் கிடையாது, வெறும் பசை, நடுவுல விரிச்சு வச்சதும் படக்குன்னு ஒரு சத்தம், அப்பவே தெரிஞ்சு போச்சு இது ரொம்ப நாள் தாங்காதுன்னு. எழுத்து பொடி எழுத்து, நாப்பது தாண்டினவங்க கண்ணாடி இல்லாம தொடவே வேணாம். பொருளடக்கம்னு ஒண்ணு இருக்கு, ஆனா அதுல போட்டிருக்கிற பக்கம் ஒண்ணு, பாட்டு இருக்கிற பக்கம் வேற, வேற எந்தப் பதிப்புல இருந்தோ அப்படியே தூக்கி ஒட்டியிருக்காங்க போல. முதல் வரி வச்சு பாட்டைத் தேடுற அகராதி சுத்தமா இல்ல.

பிழை திருத்துறதுன்னு ஒரு வேலை உலகத்துல இருக்குன்னே இவங்களுக்குத் தெரியாது. "நெஞ்சு பொருக்குதிலையே"ன்னு போட்டிருக்காங்க, சின்ன ர! ஒருத்தன் நாட்டு ஜனங்களை நினைச்சு நெஞ்சு வெடிச்சுப் பாடியிருக்கான், இங்க படிச்சா நெஞ்சுல என்னமோ பொருக்கு தட்டின மாதிரி இருக்கு. இதைப் பாத்து எனக்குத்தான் பொறுக்கல.

ஆனா என்னோட பெரிய கம்ப்ளைண்ட் அது இல்ல, முன்னுரை. ரெண்டு பக்கம் முழுக்க மகாகவி, தேசியக்கவி, புரட்சிக்கவி, எட்டயபுரத்துச் சிங்கம், இதேதான், ஒரு தகவலும் கிடையாது. இந்த புக்குல இருக்கிற தேசிய கீதங்களை 1928ல போலீஸ் வந்து அள்ளிட்டுப் போச்சுன்னு ஒரு வரி போட்டிருந்தா என்ன குறைஞ்சா போயிடும்?

அந்தக் கதை தெரியாதவங்களுக்காக சொல்றேன், இதைத் தெரிஞ்சுக்கிட்டு படிச்சா இந்த 90 ரூபா புக்கே வேற மாதிரி தெரியும். பாரதி செத்தது 1921, பாட்டை தடை பண்ணது 1928, அதாவது ஆள் போய் ஏழு வருஷம் ஆனதுக்கப்புறம். அதுவும் ஆரம்பிச்சது சென்னையில இல்ல, பர்மாவுல. அப்போ பர்மா பிரிட்டிஷ் இந்தியாவுல ஒரு மாகாணம், ரங்கூன்ல நம்ம ஆளுங்க எக்கச்சக்கம், இந்தப் பாட்டெல்லாம் அங்க போயிருக்கு, பர்மா அரசாங்கம் இது ராஜதுரோகம்னு தடை போட்டுருச்சு. அந்தக் காலத்து சட்டம் எப்படின்னா ஒரு மாகாணம் பறிமுதல்னு சொல்லிட்டா அந்த புக்கு பிரிட்டிஷ் இந்தியாவுல எங்க கிடைச்சாலும் போலீஸ் எடுத்துக்கலாம். பின்னாடியே சென்னை அரசாங்கமும் உத்தரவு போட்டுச்சு. பாரதி பிரசுராலயம்னு பாரதியோட தம்பி சி. விசுவநாதன், மாப்பிள்ளை நடராஜன், ஹரிஹர சர்மா இவங்க சேர்ந்து நடத்தினது, அவங்க போட்டு வச்சிருந்த தேசிய கீதங்கள் சுமார் 2,000 பிரதியை போலீஸ் தூக்கிட்டுப் போயிருச்சு.

அதே வருஷம் அக்டோபர்ல காங்கிரஸ்காரர் சத்தியமூர்த்தி சென்னை சட்டமன்றத்துல இதை எடுத்தாரு. பாட்டு வரிகளையே எடுத்து வச்சு இதுல எங்கய்யா ராஜதுரோகம் இருக்குன்னு வாதாடினாரு, ஓட்டெடுப்புல அரசாங்கத்துக்கு எதிரா பெரிய வித்தியாசத்துல தீர்மானம் நிறைவேறுச்சு. வெளிய பிரதி கிடைக்காத பாட்டு உள்ள மன்றத்துல அரசாங்கத்தோட முகத்துக்கு நேராவே ஒலிக்குது, அதை நினைச்சாத்தான் எனக்கு சிரிப்பு வருது.

உண்மையிலேயே போலீஸ் லேட்டு. 21 வருஷம் லேட்டு. ஏன்னா 1907லயே வி. கிருஷ்ணசாமி ஐயர், அவரு மிதவாதி, பாரதியோட அரசியலுக்கு நேர் எதிர்ப்பக்கம், அவரு பாரதி பாட்டைக் கேட்டு அசந்து போய் சில பாட்டுகளை 15,000 பிரதி தன் காசுல அடிச்சு இலவசமா குடுத்துட்டாரு. கட்சி பிடிக்காதவனே காசு போட்டு அடிச்ச பாட்டை எவன் என்ன பண்ண முடியும்? அப்புறம் மேடைமேடையா பாடி, நாடகத்துல டி.கே.எஸ். சகோதரர்கள் மாதிரி ஆளுங்க பாடி, பிள்ளைங்க வாயில ஏறி, அதெல்லாம் நடந்துக்கிட்டே இருந்துச்சு. 2,000 புக்கை அள்ளலாம், பாட்டு வாயில இருந்தா என்னத்தை அள்ளுவாங்க. மெட்டும் சந்தமுமா இருக்கிறதால ரெண்டு தடவை கேட்டா மனசுல ஒட்டிக்கும், உரைநடைக்கு அந்த வசதி கிடையாது.

உரைநடைன்னதும் ஞாபகம் வருது, இது முதல் தடையும் இல்ல. 1908ல "இந்தியா" பத்திரிகை மேல கேஸ் வந்ததும் பாரதி பிரெஞ்சுக்காரன் ஊரான புதுச்சேரிக்குப் போயிட்டாரு, அங்கிருந்து பத்திரிகை நடத்தினா அதை எல்லை தாண்டி உள்ள விடாம பண்ணாங்க, 1910ல பத்திரிகை நின்னே போச்சு. 1911ல "கனவு", "ஆறில் ஒரு பங்கு" ரெண்டையும் தடை பண்ணாங்க. "கனவு" இந்த 90 ரூபா புக்குலயும் இருக்கு, சுயசரிதைப் பகுதியில போய்ப் பாருங்க, சின்ன வயசுல ஒரு பொண்ணு மேல வந்த காதல், அப்பா இங்கிலீஷ் படிக்க அனுப்பினதுல வந்த கடுப்பு, பணம் போன கதை, இதுதான் பெரும்பாலும். இதைப் படிச்சு எவன் பிரிட்டிஷ்காரனை அடிக்கப் போறான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. "ஆறில் ஒரு பங்கு" சாதிக் கொடுமையைப் பேசுற கதை, பள்ளர் பறையர் சகோதரர்களுக்கு அர்ப்பணம்னு முன்னாடியே போட்டிருப்பாரு. அது உரைநடைங்கிறதால இந்த புக்குல வராது. பாட்டு தெரிஞ்ச அளவுக்கு அந்தக் கதை இன்னிக்கும் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே ரொம்ப லேட்டாத்தான் தெரியும்.

1918 நவம்பர்ல புதுச்சேரியை விட்டு வந்ததும் கடலூர்ல பிடிச்சு உள்ள போட்டாங்க, மூணு வாரம் கழிச்சு விட்டப்போ என்ன நிபந்தனைன்னா எதை எழுதினாலும் முதல்ல சி.ஐ.டி. போலீஸ்கிட்ட காட்டிட்டுத்தான் அச்சுக்கு அனுப்பணும். இவ்வளவு பட்ட மனுஷன் 1920ல ஒரு பிளான் போடுறாரு பாருங்க. தன் எழுத்தையெல்லாம் 40 புக்கா பிரிச்சு ஒவ்வொண்ணும் 10,000 பிரதி, மொத்தம் 4 லட்சம், மண்ணெண்ணெய் தீப்பெட்டியை விட சாதாரணமா தமிழ்நாடு முழுக்கப் பரவும்னு கணக்குப் போட்டு, அதுக்கு கடன் வேணும்னு சுற்றறிக்கை விடுறாரு. பணம் குடுக்க ஆள் வரல. அடுத்த வருஷம் போயிட்டாரு.

தீப்பெட்டி! இந்த வார்த்தைய நினைச்சதுல இருந்து இந்த புக்கைத் திட்ட வாய் வரமாட்டேங்குது. தாள் மட்டம், பசை மட்டம், பிழை ஏகம், ஆனா கிட்டத்தட்ட தீப்பெட்டி மாதிரிதானே கடைக்குக் கடை கிடக்கு.

இந்த விலைக்குக் கிடைக்கிறதுக்கும் ஒரு காரணம் இருக்கு. போலீஸ் பூட்டு போனதுக்கப்புறம் இன்னொரு பூட்டு இருந்துச்சு, உரிமைங்கிற பூட்டு. புக்கு உரிமை தம்பிகிட்ட, சினிமா ரெக்கார்டு உரிமை ஏவி.எம். செட்டியார்கிட்ட, டி.கே.எஸ். சகோதரர்களோட "பில்ஹணன்" படத்துல பாரதி பாட்டு வந்ததுக்கு கேஸ் வரைக்கும் போச்சு. கடைசியில 1949ல ஓமந்தூரார் ஆட்சியில சென்னை அரசாங்கமே உரிமையை எடுத்துக்கிச்சு, 1950கள்ல எல்லாருக்கும் பொதுன்னு விட்டுட்டாங்க. ஒரு காலத்துல பறிமுதல் பண்ண அதே அரசாங்கத்தோட நாற்காலிதான், உக்காந்த ஆளுங்க வேற. பொது ஆனதாலதான் பிழை திருத்தாதவங்களும் அடிக்கிறாங்க, அதே காரணத்தாலதான் இனிமே எவன் நினைச்சாலும் மொத்தமா அள்ள முடியாது. எந்த குடோன்ல போய் அள்ளுவாங்க? ஒண்ணா ரெண்டா!

சரி வாங்கலாமா வேணாமா? ஆராய்ச்சிக்கு, மேற்கோள் காட்டுறதுக்கு, பாட்டு எப்போ எங்க வந்துச்சுன்னு பாக்கிறதுக்கெல்லாம் இதைத் தொடாதீங்க, பாரதி ஆய்வாளர் சீனி. விசுவநாதன் (பாரதியோட தம்பி இல்ல, இவரு வேற) வருஷக்கணக்கா உக்காந்து கால வரிசையில தொகுத்தது இருக்கு, லைப்ரரியில கேட்டுப் பாருங்க. தேசிய கீதங்கள் பகுதியில கலெக்டர் விஞ்ச்சும் சிதம்பரம் பிள்ளையும் பேசிக்கிற மாதிரி ரெண்டு பாட்டு இருக்கும், 1908ல வ.உ.சி.யை உள்ள தள்ளின நேரத்து சமாச்சாரம், அடிக்குறிப்பு இல்லாம படிச்சா யாரு இந்த விஞ்ச்னு பசங்க முழிப்பாங்க. மத்தபடி பஸ்ல படிக்க, பிள்ளைங்க கையில குடுக்க, தொலைஞ்சா கவலைப்படாம இருக்க இது போதும். பாட்டுக்கு அஞ்சு ஸ்டார், பிழைக்கு ஒரு ஸ்டார், முன்னுரைக்கு ஸ்டாரே கிடையாது.

நான் நினைச்ச மாதிரியே மூணாவது வாரம் பசை விட்டுருச்சு. "என்று தணியும் இந்த சுதந்திர தாகம்" இருக்கிற தாள் தனியா கழண்டு கையில வந்துச்சு. செல்லோடேப் தேடிட்டு இருக்கும்போது பொண்ணு வந்து பாத்தா, ஸ்கூல்ல பாரதியார் பிறந்தநாள் ஒப்புவித்தல் போட்டியாம், "அப்பா ஒட்டாதீங்க, புக்கைத் தூக்கிட்டுப் போக வேணாம்ல"ன்னு தாளை நாலா மடிச்சு ஜாமெட்ரி பாக்ஸ்ல வச்சுக்கிட்டா. போட்டி முடிஞ்சதும் அவ பிரெண்டு யாரோ வாங்கிட்டுப் போயிட்டாளாம். தாள் இன்னும் வீட்டுக்கு வரல.