மெக்சிக்கோவுக்குக் குளிர் கழிக்கப் போறவை, மீற்றர் நம்பரைப் பாருங்கோ

போன குளிருக்கு நானும் மனிசியும் ஐந்து மாதம் மெக்சிக்கோவில் இருந்துவிட்டு வந்தோம். கனடாவில், ஸ்காபரோவில் முப்பது வருஷம் பனி தள்ளி நாரி விட்டுப்போன ஆட்கள் நாங்கள். பிள்ளைகள் புளோரிடா என்றார்கள். அந்த வாடகை எங்களுக்குக் கட்டாது, அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லை நினைத்தாலே காய்ச்சல் வரும். அதனால் ஹலிஸ்கோ மாநிலத்தில், சபாலா ஏரிக்கரையில் இருக்கிற அஹிஹிக் என்ற ஊரைப் பிடித்தோம். கனடாக்காரரும் அமெரிக்கரும் கன காலமாக வந்து தங்குகிற இடம். குவாதலஹாரா விமான நிலையத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம்.

ஊரில் ஒரு குறையும் இல்லை. நாங்கள் ஏமாந்த விதத்தைத்தான் சொல்ல வந்தேன். வாற நவம்பருக்கு டிக்கெட் போட்டுவிட்டு மூன்று குடும்பம் என்னிடம் வீடு விசாரித்தாயிற்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் நோகிறது.

வீடு படத்தில் இருந்த மாதிரியே இருந்தது. இரண்டு அறை, மொட்டைமாடியில் நின்றால் ஏரி தெரியும். வாடகை மாதம் 1,100 அமெரிக்க டொலர், ஒரு மாத வாடகை முற்பணம். சொந்தக்காரி குவாதலஹாராவில். வீட்டைப் பார்ப்பது ஒரு மேனேஜர். அவரும் வடக்கேயிருந்து வந்து குடியேறினவர்தான். நல்ல இங்கிலிஸ், நல்ல சிரிப்பு. "ஸ்பானிஷ் தெரியாட்டிக் கவலைப்படாதேங்கோ, தண்ணி, காஸ், கரண்ட் எல்லாம் நான் பார்க்கிறன்" என்கிற மாதிரிச் சொன்னார். அந்த 'எல்லாம் நான் பார்க்கிறன்' என்ற சொல்லுக்குத்தான் பிறகு ஐந்து மாதமும் காசு கட்டினோம். ஒப்பந்தம் ஒரே ஒரு பக்கம். கரண்ட் மாதம் 1,000 பெசோ வரை வாடகைக்குள், அதற்கு மேலே போனால் எங்கள் பாடு.

இந்த இடத்தில் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சபாலா ஏரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பகலில் சட்டையோடு திரியலாம். சனவரி இரவில் 10 பாகைக்குக் கீழே இறங்கும். வீடுகளில் சூடாக்கி கிடையாது, நிலமெல்லாம் ஓடு, சன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி. கனடாவில் வெளியே குளிர், உள்ளே சூடு. அங்கே மறுவளம்: வெளியே வெயில் காய்ந்துவிட்டு உள்ளே வந்து ஸ்வெற்றர் போட வேண்டும். பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு 1,500 வோட் ஹீற்றர் ஒன்று வாங்கினேன். படுக்கப் போக முன் ஒன்று, ஒன்றரை மணித்தியாலம் போடுவோம். அவ்வளவுதான்.

அங்கே கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. சனவரித் தொடக்கத்தில் மேனேஜர் வட்ஸப்பில் பில்லின் படத்தை அனுப்பினார். 5,940 பெசோ. இரண்டு மாதத்துக்கு 2,000 கழித்து மிச்சம் 3,940 நீங்கள் தரவேண்டும் என்றார். நான் திடுக்கிட்டுப் போய்க் கேட்க, "ஹீற்றர் போட்டீங்களோ?" என்று ஒரே கேள்வி. போட்டோம்தானே. வாய் மூடிப்போயிற்று.

அவர் சொன்ன விளக்கத்தில் பாதி உண்மை, அதுதான் சூழ்ச்சி. மெக்சிக்கோவில் வீட்டுக் கரண்டுக்கு அரசு மானியம் உண்டு. கடைசிப் பன்னிரண்டு மாதச் சராசரி ஓர் எல்லையைத் தாண்டினால் அந்த வீட்டை 'டாக்' என்ற உயர்பாவனைக் கட்டணத்துக்கு மாற்றிவிடுவார்கள். வெக்கை குறைந்த பகுதிகளின் சாதாரணக் கட்டணத்துக்கு அந்த எல்லை மாதம் 250 யூனிற். மாற்றினால் மானியம் முழுக்கப் போய், ஒவ்வொரு யூனிற்றும் பல மடங்கு விலை. படத்தில் இருந்த பில்லில் 'டாக்' என்றுதான் அச்சடித்திருந்தது. ஆனால் பன்னிரண்டு மாதச் சராசரியை ஆறு கிழமை ஹீற்றர் எப்படித் தாண்டும் என்று எனக்கு அப்போது ஓடவில்லை. 3,940-ஐ எண்ணிக் கொடுத்தேன். மனிசி ஹீற்றரைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிவிட்டு, இரண்டு சோடி சொக்ஸும் சால்வையுமாகப் படுத்தார். ஹீற்றர் வாங்கினது நானென்று இரண்டு நாள் பேச்சும் இல்லை.

சும்மா சொல்லக்கூடாது, பகல்கள் நல்லாகத்தான் போயின. புதன்கிழமைச் சந்தையில் சௌசௌ குவித்து வைத்திருப்பார்கள். அது மெக்சிக்கோக் கொடிதான், பிறகுதான் நுவரெலியாவுக்கு வந்தது. புளி இருக்கிறது, தேங்காய் இருக்கிறது, மிளகாயைச் சொல்லவே தேவையில்லை. கறிவேப்பிலை மட்டும் ஸ்காபரோவிலிருந்து காயவைத்துக் கொண்டுபோனோம். ஏரியின் மறுகரையில், மிச்சோவகான் பக்கத்துப் பெதாத்தான் என்ற ஊரில், கனடாவிலிருந்தெல்லாம் வெள்ளைக் கூழைக்கடாக்கள் கூட்டமாக வந்து இறங்கும். எங்களைப் போல குளிருக்கு ஓடி வந்தவை. முற்பணம் கேட்க ஆளில்லை.

மார்ச் தொடக்கத்தில் காலமை வாசல் கூட்டப் போன மனிசி, கேற் கம்பியில் செருகியிருந்த ஒரு கடதாசியோடு வந்தார். கரண்ட் பில். வழக்கமாக மேனேஜர் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவார், அன்றைக்குப் பிந்திவிட்டார் போல. தொகை 612 பெசோ. பின்னேரமே வட்ஸப்பில் அவருடைய படம் வருகிறது: 6,240 பெசோ.

முன்வீட்டில் ஓர் அம்மா. எங்களை 'வெசினோ', 'வெசினா' என்றுதான் கூப்பிடுவார், அயலவர் என்று பொருள். பெப்ரவரி 2, கந்தெலாரியா என்ற கத்தோலிக்கத் திருநாளன்று, சோளமாவை மடலில் சுற்றி அவிக்கிற 'தமால்' சுடச்சுடக் கொண்டுவந்து தந்து, எங்கள் மொழியின் பெயர் தமிழ் என்றதும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தவர். கடதாசியையும் தொலைபேசியையும் அவரிடம் கொண்டுபோனோம். அவர் ஒன்றும் பேசாமல் எங்கள் கையைப் பிடித்து எங்கள் வீட்டு மதிலுக்கே திரும்பக் கூட்டிவந்து, மீற்றரில் பொறித்திருந்த நம்பரைச் சத்தமாக வாசித்தார். கடதாசியில் அதே நம்பர். படத்திலிருந்த பில்லில் வேறு நம்பர். பில்லில் முந்தின வாசிப்பு, இப்போதைய வாசிப்பு என்று இரண்டு எண் இருக்கும். எங்கள் மீற்றரில் ஓடிய எண்ணுக்கும் படத்துக்கும் கிட்டவும் இல்லை, முட்டவும் இல்லை. நீச்சல் குளத்துப் பம்ப் ஓடுகிற இன்னொரு வீட்டு பில்லை அந்த ஆள் எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்.

பில்லில் போட்டிருந்த பெயரும் வேறுதான். அதை நான் சனவரியிலேயே கண்டேன். ஆனால் அங்கே செத்துப்போன தாத்தாவின் பெயரில்கூட பில் வரும், யாரும் மாற்றுவதில்லை. பெயரைப் பார்த்து ஒன்றும் பிடிக்க முடியாது. மீற்றர் நம்பரும் வாசிப்பும்தான் பொய் சொல்லாதவை. போய் இறங்கின நாளே இரண்டையும் படம் எடுத்து வையுங்கோ.

அன்றைக்கே அந்த அம்மா கேட்டார், "காஸ்?" என்று.

அங்கே மொட்டைமாடியில் பெரிய காஸ் தாங்கி இருக்கும். எங்களுடையது 300 லீற்றர். லொறி வந்து குழாயை மேலே இழுத்து நிரப்பிவிட்டு, லீற்றர் போட்ட துண்டு தரும். விலையில் விளையாட முடியாது, 2021 ஓகஸ்ட் தொடக்கம் அதிகபட்ச விலையை அரசு வாராவாரம் வட்டார வாரியாக அறிவிக்கிறது. லீற்றரில் விளையாடலாம். இரண்டு முறை மேனேஜர் கூப்பிட்ட லொறிதான் வந்தது, நாங்கள் மேலே ஏறிப் பார்க்கவே இல்லை. மூன்றாம் முறை நான் தொலைபேசியோடு ஏறினேன். தாங்கியில் சின்ன முள் ஒன்று சதவீதம் காட்டும். தொடங்க முன் 20. துண்டில் வந்தது 180 லீற்றர். 300-இல் 180 என்றால் 60 சதவீதம், முள் 80-இல் நிற்க வேண்டும். நின்றது 62. அதாவது 54 லீற்றர் காற்றோடு போயிற்று, ஏறக்குறைய 45 கனேடிய டொலர். (80, 85-க்கு மேலே நிரப்பவும் விடாதேங்கோ, காஸ் விரிய இடம் வேண்டும்.)

நான் முள்ளின் படத்தைக் காட்ட, லொறிப் பையன் தோளைக் குலுக்கினான். முன்வீட்டு அம்மா தன் வாசலில் நின்றபடியே ஒரு சொல் சொன்னார்: "ப்ரொஃபேக்கோ." மெக்சிக்கோவின் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலகம். லொறி மீற்றர்களைச் சோதிப்பதும் அவர்கள் வேலைதான். குழாயில் ஏதோ சிக்கலாம், அவன் சரிபார்த்தான், முள் 80-க்கு வந்தது. முதல் இரண்டு முறை போனது போனதுதான். லொறி மீற்றர் பூச்சியத்தில் தொடங்குகிறதா என்று பார்ப்பதும், முள்ளை முன்னும் பின்னும் படம் எடுப்பதும் ஐந்து நிமிஷ வேலை.

சில்லறை ஏமாற்று இரண்டு, விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 500 பெசோத் தாளும் பழைய 20 பெசோத் தாளும் இரண்டுமே நீலம், இரண்டிலும் ஹுவாரெஸ் என்ற அதே சனாதிபதியின் முகம். குவாதலஹாராவில் ஒரு டாக்சிக்காரர் நான் கொடுத்த 500-ஐ மடிக்குள் விட்டுவிட்டு 20-ஐத் தூக்கிக் காட்டி "நீங்கள் தந்தது இதுதான்" என்றார். 20 பிளாஸ்டிக், 500 கடதாசி, தடவினால் தெரியும். இப்போது கொடுக்கும்போதே வாய்விட்டு "கினியென்தோஸ்" என்று சொல்லிக் கொடுக்கிறேன். மற்றது பண மெஷின். காசு தர முன் தன்னுடைய மாற்று விகிதத்தைக் காட்டி ஏற்கிறீர்களா என்று கேட்கும். வேண்டாம் என்று அழுத்தினாலும் காசு வரும், உங்கள் வங்கியின் விகிதம் பிடிபடும். பயத்தில் ஆம் என்று அழுத்தி நான் இரண்டு முறை கொட்டிக் கொடுத்தேன்.

மேனேஜரிடம் வருவோம். எங்கள் மீற்றரின் படத்தையும் அவர் அனுப்பின பில்லின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். பில் மாறிப்போய்விட்டது போல, அலுவலகத்தில் கேட்டுவிட்டு 'அஹோரித்தா' சொல்கிறேன் என்றார். அகராதியில் அதற்கு 'இப்பவே' என்று இருக்கும். எங்கள் ஊர் 'இந்தா வாறன்' மாதிரியான ஒரு 'இப்பவே'. அவர் அந்தச் சொல்லை மட்டும் மெக்சிக்கரிடமிருந்து நல்லாகப் பழகியிருந்தார்.

பத்து நாள் பொறுத்தேன். மார்ச் 15 கடைசி மாத வாடகை கொடுக்கிற நாள். வாடகை தரமாட்டேன், முற்பணத்தை அதற்குப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். கோபப்பட்டார். பூட்டை மாற்றுவேன் என்றார். சொந்தக்காரியின் தொலைபேசி எண்ணை முன்வீட்டு அம்மா எனக்குத் தந்திருக்கிறார் என்று பதில் போட்டேன். பிறகு சத்தம் இல்லை. எண் உண்மையிலேயே என்னிடம் இருந்தது. கூப்பிட்டேன். அந்தப் பெண்மணிக்குத் தன் வீட்டு வாடகை 1,100 என்பதே புதுச் செய்தி.

3,940 பெசோ திரும்பி வரவில்லை. ஏப்ரலில் கிளம்பும்போது பெட்டியில் பாரம் கூடிவிட்டதால் ஹீற்றரை அலுமாரிக்குள் விட்டுவிட்டு வந்தோம்.

போன கிழமை சும்மா தேடிப் பார்த்தேன். நவம்பருக்கு ஏரிக்கரையில் ஒரு வீடு விளம்பரத்தில் இருக்கிறது. அதே ஆள், வேறு வீடு. அதே "கரண்ட் மாதம் 1,000 பெசோ வரை இலவசம்". புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "குளிருக்கு ஹீற்றர் உண்டு." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். எங்களுடையதுதான்.