மைநேதாவும் ஏடிஆர் அறிக்கைகளும்: கட்சிப் பணத்தின் தடம் எவ்வளவு தெரிகிறது?

சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்குக் கட்சித் தலைமை எவ்வளவு பணம் கொடுத்தது, வேறு எந்த வகையில் துணை நின்றது என்று அறிய விரும்பும் வாக்காளருக்கு, ஏடிஆர் எனப்படும் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தின் மைநேதா இணையதளமும் ஆய்வறிக்கைகளும் மிகவும் பயன்படும் என்பது என் கருத்து. ஆனால் தளத்தில் வேட்பாளரின் பெயரைத் தேடிப் பார்ப்பதோடு நின்றுவிட்டால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது; அறிக்கைகளைத் திறந்து படிக்க வேண்டும்.

1999இல் அகமதாபாத் ஐஐஎம் (இந்திய மேலாண்மைக் கழகம்) பேராசிரியர்கள் தொடங்கிய இச்சங்கம் தொடுத்த வழக்கின் பயனாகவே, 2002, 2003 ஆண்டுகளில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பின், வேட்பாளர்கள் தம் சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்கு விவரங்களைப் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்கும் நிலை உருவானது. அப்பத்திரங்களைத் தொகுதிவாரியாகத் திரட்டிக் கட்டணமின்றித் தரும் பணியை மைநேதா மிகச் சிறப்பாகச் செய்கிறது.

பணம் வரும் வழி இதைவிடச் சிக்கலானது. பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளரின் செலவு வரம்பு 2022 முதல் 40 லட்சம் ரூபாய். அவரை நிறுத்திய கட்சிக்கோ வரம்பே இல்லை. தலைமை நேரடியாகக் கொடுக்கும் தொகையை வேட்பாளர் தம் கணக்கில் தனியாகக் காட்ட வேண்டும். ஆனால் நட்சத்திரப் பேச்சாளர்கள் எனக் கட்சி பட்டியலிட்டுத் தரும் தலைவர்களின் பயணச் செலவு, அங்கீகரிக்கப்பட்ட கட்சி ஒன்றுக்கு 40 பேர் வரை, அக்கணக்கில் சேராது. தலைவர் பேசும் மேடையில் வேட்பாளரும் ஏறினாலோ, அவருடைய பெயரோ படமோ அங்கு இடம்பெற்றாலோ, கூட்டச் செலவில் ஒரு பங்கு அவர் கணக்கில் ஏறும். சின்னமும் தலைவர் படமும் மட்டும் தாங்கிய விளம்பரம் கட்சிக் கணக்கோடு நின்றுவிடும். இந்த வேறுபாட்டை அறியாமல் வேட்பாளர் காட்டும் தொகையை மட்டும் பார்ப்பவர், தேர்தல் மிகக் குறைந்த செலவில் நடந்தது என்றே நம்பக்கூடும்.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவையும் அவர் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 1974 அக்டோபரில் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே மாதத்தில் அவசரச் சட்டம் கொண்டுவந்து அரசு கட்சியின் செலவுக்கு விலக்களித்தது. 2003இல் திருத்தம் வந்து, தலைவர்களின் பயணச் செலவு என்ற அளவுக்கு அந்த விலக்கைச் சுருக்கியது. கட்சிச் செலவுக்கு உச்சவரம்பு மட்டும் இன்றுவரை வரவில்லை என்பது, என்னைப் பொறுத்தவரை, நம் தேர்தல் சட்டத்தின் ஆகப் பெரிய குறை.

ஏடிஆர் அறிக்கைகளின் அருமை இங்கேதான் புரிகிறது. வேட்பாளர் முடிவு வெளியான 30 நாட்களுக்குள்ளும், கட்சி சட்டமன்றத் தேர்தல் முடிந்த 75 நாட்களுக்குள்ளும் கணக்குக் கொடுக்க வேண்டும். பல மாநிலத் தேர்தல்களுக்கு இவ்விரு கணக்குகளையும் இச்சங்கம் ஆராய்ந்து, கட்சியிடமிருந்து பணம் பெற்றதாகச் சொன்ன சட்டமன்ற உறுப்பினர்கள் யார், பெறவில்லை என்றவர்கள் யார், கட்சிகள் விளம்பரத்துக்கும் பயணத்துக்கும் எவ்வளவு செலவிட்டன என்று பிரித்துக் காட்டுகிறது. இத்தகைய கணக்குகள் வெறும் சம்பிரதாயம் அல்ல என்பதற்கு, மக்களவைத் தேர்தல் சார்ந்ததே ஆயினும், ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லலாம். 2019இல் திமுக தன் கூட்டணியிலிருந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 10 கோடி, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்கு 15 கோடி ரூபாய் வழங்கியது என்ற செய்தியைத் தமிழ்நாடு அறிந்தது, திமுக தேர்தல் ஆணையத்திடம் அளித்த செலவுக் கணக்கு வாயிலாகத்தான்.

எழுதிக் கொடுக்கப்பட்டதற்கு அப்பால் எந்த ஆய்வறிக்கையும் செல்ல முடியாது. மாவட்டச் செயலாளரும் ஒன்றியச் செயலாளரும் திரட்டித் தரும் ஆள்பலம், பூத் கமிட்டி உறுப்பினர்களின் மாதக்கணக்கான உழைப்பு ஆகியவை வேட்பாளருக்குப் பெருந்துணை என்றாலும் ரூபாயாக மாறி எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. விருப்ப மனுக் கட்டணம் என்ற பெயரில் பணம் முதலில் வேட்பாளராக விரும்புவோரிடமிருந்து தலைமைக்குச் செல்வதையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும்.

இச்சேவையிடம் நான் எதிர்பார்க்கும் மேம்பாடு ஒன்று உண்டு. ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலுக்கும், வேட்பாளரின் பக்கத்தில் பிரமாணப் பத்திர விவரங்களுக்கு அருகிலேயே, கட்சி அவருக்குக் கொடுத்ததாகக் கூறும் தொகையும் அவர் பெற்றதாகக் கூறும் தொகையும் இணையாக இடம்பெற வேண்டும். இரண்டும் பொருந்தாத இடங்களில் வாக்காளரே தம் உறுப்பினரிடம் நேரில் விளக்கம் கேட்கலாம்.